நாற்பத்தொரு காலிக் கோப்புகள்

போன வாரம், ஆலையின் கணினி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் பேசினார். குரலை வைத்துப் பார்த்தால் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. ஒரகடம் ஆலையின் பழைய மென்பொருளைப் புதுச் சர்வருக்கு மாற்றும் பொறுப்பு அவரிடம் வந்திருக்கிறதாம். "சார், மாடல் ஃபோல்டர்ல ஒண்ணுமே இல்லாத கிளாஸ் ஃபைலா கிடக்குது சார். அழிச்சிடலாமா?" என்றார். எத்தனை என்று கேட்டேன். தெரியவில்லை. எண்ணிப் பார்க்காமல் எதையும் அழிக்கக் கூடாது என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு அது போதாது என்று பட்டது. சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்ததில் அன்று மதியம் தூக்கமும் போயிற்று. அதனால் எழுதுகிறேன். அவர் அழிப்பதற்குள் படித்துவிட வேண்டுமே என்ற கவலையோடுதான் எழுதுகிறேன்.

அந்தக் கோப்புகள் காலியாகப் பிறந்தவை. ஒரு தடவை அழிக்கப்பட்டு மறுபடி வந்தவை. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் அறையைச் சொல்ல வேண்டும்.

கார்களுக்கான வயர்க் கட்டுகள் செய்யும் ஆலை அது. ஸ்டோர்ஸுக்கும் உற்பத்திக் கூடத்துக்கும் நடுவில் பலகை அடித்துப் பிரித்த ஓர் அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நாற்காலிகள் மூன்று, கணினிகள் நான்கு, கண்ணாடி ஜன்னல் ஒன்று. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கிரிம்பிங் பிரஸ்கள் வரிசையாக நிற்கும். வயர் முனையில் உலோகத் துண்டை அழுத்திக் கடிக்க வைக்கும் இயந்திரம். காலால் பெடலை மிதித்தால் 'டக்' என்று இறங்கும். நாள் முழுக்க அந்த 'டக் டக்' காதில் விழுந்துகொண்டே இருக்கும். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது வீட்டில் மதிய நேரத்தில் மின்விசிறி மட்டும் சுற்றும்போது அதைத்தான் காது தேடுகிறது.

மூவரில் மூத்தவன் நான். அம்பத்தூரில் வேறு வேலை பார்த்துவிட்டு, ஐம்பது வயதை நெருங்கும்போது இந்தத் தொழிலுக்கு வந்தவன். இளையவன் பாலாஜி. பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்துக்காரன், எம்.சி.ஏ. படித்தவன், பிரியாணிப் பிரியன். நடுவில் ஒரு திருநெல்வேலிப் பெண். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் "எதுக்கு சார் இதெல்லாம்" என்று அவள் சிரிப்பது எனக்கு இங்கேயே கேட்கும். வயதில் என் மகளை ஒத்தவள், வேலையில் எனக்கு மூத்தவள். இருங்காட்டுக்கோட்டையில் ஓர் அறையை இன்னும் நான்கு பெண்களோடு பகிர்ந்துகொண்டு இருந்தாள். அந்த நால்வரும் எங்கள் ஆலையிலேயே பிரஸ்ஸிலும், வயருக்கு டேப் சுற்றும் டேப்பிங்கிலும் வேலை பார்த்தவர்கள். ஆபீஸ்காரி என்று தனியாக அறை எடுக்கவில்லை அவள்.

2010 வாக்கில் நாங்கள் ஆலைக்கென்று ஒரு வலை மென்பொருள் கட்டினோம். எந்த ஷிப்டில் யார் எந்த இயந்திரத்தில் உட்கார வேண்டும் என்பது முதல் கேண்டீன் டோக்கன் வரை எல்லாம் அதில். தரவுத்தளத்தில் நாற்பத்தாறு அட்டவணைகள். நாங்கள் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க்கில், அதாவது மென்பொருள் கட்டுவதற்கான ஆயத்தச் சட்டகத்தில், ஒரு கருவி உண்டு; அது அட்டவணைகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோப்புகளைத் தானே எழுதித் தரும். முதலாவது முழுக்க முழுக்கக் கருவி எழுதுவது. அட்டவணையில் எது மாறினாலும் கருவியை மறுபடி ஓட்டுவோம். அது அந்தக் கோப்பை அழித்துப் புதிதாக எழுதும். இரண்டாவது அதன் பிள்ளை மாதிரி. அதற்குள் ஒன்றும் இருக்காது. வெறும் பெயரும் அடைப்புக்குறியும்தான். நம் ஆலைக்கென்று ஏதாவது விதி எழுத வேண்டுமானால் அதில் எழுத வேண்டும். கருவி அதைத் தொடாது.

நாற்பத்தாறில் ஐந்தில்தான் நாங்கள் எதையாவது எழுதியிருந்தோம். மீதி நாற்பத்தொன்று காலி. எனக்கு அது உறுத்தியது. எதற்கு இத்தனை என்று நான் முணுமுணுக்கும்போதெல்லாம் அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொல்வாள்:

"வரும் சார்."

என்ன வரும், எப்போது வரும் என்று சொல்ல மாட்டாள்.

இந்தப் பகுதியில் வேலைக்கு வந்துவிட்டீர்கள், ஃபைவ் எஸ் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எது தேவை எது தேவையில்லை என்று பிரித்து, தேவையில்லாததில் சிவப்புச் சீட்டு ஒட்டி, கோடு போட்ட சதுரத்தில் கொண்டுபோய் வைத்து, கேட்பாரில்லை என்றால் தூக்கிப் போடுவது. நல்ல பழக்கம்தான். எங்கள் ஆலையில் அது பக்தியாக இருந்தது. மாதா மாதம் துறைகளுக்குள் போட்டி. ஜெயித்த துறைக்குச் சுழற்கேடயம், கூடவே கேண்டீனில் ஒரு நாள் பிரியாணி. ஸ்டோர்ஸ்காரர்கள் வண்டி வண்டியாகப் பழைய இரும்பை இழுத்து வந்து சீட்டு ஒட்டுவார்கள். எங்களிடம் என்ன இருக்கிறது? ஒரு மாதம் நான் பேனா மூடி ஒன்றில் ஒட்டினேன். கூடம் முழுக்கச் சிரித்தது.

பாலாஜிக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"சார், நாப்பத்தொரு ஃபைல் சும்மா கீதே. யூஸ் இல்லாத ஐட்டம்தானே அது? டேக் போட்டா போச்சு."

"ஏ, அது ஐட்டம் இல்லடே" என்றாள் அவள்.

"இன்னாக்கா நீ. காலியா கீற ஃபைலுக்குக் காவல் காத்துகினு கீற. உள்ள ஒரு வரி கீதா காட்டு, நான் வுட்டுடறேன்."

"வரும்யா."

"எப்ப? எனக்குப் பொண்ணு பாத்து முடிக்கறதுக்குள்ள வந்துடுமா?"

நான் சிரித்தேன். ஃபைவ் எஸ் ஒருங்கிணைப்பாளர் அதைக் கேட்டு மகிழ்ந்தே போனார். கணினிக்குள்ளும் ஃபைவ் எஸ்ஸைக் கொண்டுபோன முதல் துறை என்றார். கோப்புகளின் பெயர்களை அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்புச் சீட்டு ஒட்டச் சொன்னார். பாலாஜி கருவியின் அமைப்பில் ஒரு வரியை மாற்றினான். அதன் பிறகு அந்த அட்டவணைகளுக்கு ஒரே கோப்புதான். மென்பொருள் முன்போலவே ஓடியது. மூன்று பேரில் இருவர் சரி என்றோம். அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வாரம் அவள் அக்கா மகள் சடங்குக்காக ஊருக்குப் போயிருந்தாள். அப்போது மருத்துவ அறையின் நர்ஸ் வந்தார். மூன்று பேரை பிரஸ்ஸில் உட்கார வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காரணம் எங்கும் தெரியக் கூடாது, ஆனால் பட்டியல் போடும்போது கணினி அவர்களை பிரஸ்ஸுக்கு அனுப்பக் கூடாது. முடியுமா?

அந்த மூவரில் ஒருத்தி மாரீஸ்வரி. சாத்தூர்ப் பக்கம். எங்கள் அறைப் பெண்ணோடு இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் இருந்தவள். வலிப்பு வந்து மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது டாக்டருக்கும் நர்ஸுக்கும் அந்த அறைத் தோழிகளுக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கும் பிறகுதான் தெரியும். வெளியே தெரிந்தால், அவளை ஆலைக்கு அனுப்பிய காண்டிராக்ட்காரன் மறுநாளே கேட் பாஸை வாங்கிக்கொள்வான். ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வேறு.

பாலாஜி அரை மணி நேரத்தில் எழுதிவிட்டான். 'ஒதுக்கீடு' என்ற அட்டவணையின் கிளாஸில் ஏழெட்டு வரிகள். எந்தக் கோப்பில்? இருந்தது ஒரே கோப்புதானே. கருவி எழுதும் கோப்பில். விதி நன்றாக வேலை செய்தது. பட்டியலில் அந்த மூவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் விழும். ஒவ்வொரு நாளும் ஷிப்டு ஷிப்டாகப் பட்டியல் அச்சாகி வரும்போது நான் நட்சத்திரங்களை எண்ணுவேன். யாரும் விடுப்பில் இல்லாத நாளில், எல்லா ஷிப்டும் சேர்த்து, மூன்று. யாரும் எண்ணச் சொல்லவில்லை. என் சுபாவம் அது. பஸ்ஸில் ஏறினால் கம்பிகளை எண்ணுகிறவன் நான்.

பத்துப் பன்னிரண்டு நாட்கள் போயின. புதுக் கார் ஒன்றுக்கு வயர்க் கட்டு செய்ய ஆர்டர் வந்தது. ஒதுக்கீடு அட்டவணையில் ஒரு புது நெடுவரிசை தேவைப்பட்டது. ஒரு காலையில் பாலாஜி அதைச் சேர்த்துக் கருவியை ஓட்டினான். கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. தன் கோப்பை அழித்து, சுத்தமாக, புதிதாக எழுதியது.

மதியம் இரண்டாம் ஷிப்டுக்கான பட்டியல் வந்தது. கூடத்துக்கு ஒரு பிரதி போய்விட்டது. எங்கள் பிரதியை நான் பார்த்தேன். ஷிப்டு தொடங்கிவிட்டிருந்தது.

"என்ன இது, இன்னைக்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லையே" என்று வழக்கமான என் புலம்பல் குரலில் சொன்னேன். காகிதம் சரியில்லை, மை சரியில்லை என்று தினமும் ஏதாவது சொல்கிறவன்தானே, அதனால் பாலாஜி திரும்பவில்லை. அவள் திரும்பினாள்.

"பாலாஜி, அந்த ரூலை நீ எந்த ஃபைல்ல எழுதுன?"

அவன் சொன்னான். சொல்லும்போதே அவன் முகம் மாறியது. காலையில் என்ன செய்தோம் என்பது அவனுக்கு நினைவு வந்துவிட்டது.

"அக்கா, ஒரு பத்து நிமிஷம் குடு, நான் திருப்பி எழுதிடறேன். நேத்து பேக்கப்பு கீது..."

நானும் எழுந்து பேக்கப் வைத்த கணினிப் பக்கம் போனேன். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தப்பு நிரலில் இருக்கிறது, நிரலைச் சரிசெய்ய வேண்டும். நம் மூளை அப்படித்தான் ஓடும், உங்களுக்கும் ஓடும். கதவு திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவள் நாற்காலி சுற்றிக்கொண்டிருந்தது.

பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். மூவரில் ஒருவர் விடுப்பு. ஒருவர் காலை ஷிப்டு, வீட்டுக்குப் போய்விட்டார். மாரீஸ்வரி, பிரஸ் எண் ஏழு.

கூடத்தில் ஓடக் கூடாது, மஞ்சள் கோட்டுக்குள் நடக்க வேண்டும். அவள் ஓடவில்லை; ஆனால் என்னால் அவளை எட்டிப் பிடிக்க முடியவில்லை. வரிசை தொடங்கும் இடத்தில் சூப்பர்வைசர் தாமோதரன் நின்றிருந்தார். மண்ணூர்க்காரர். வாய் அதிகம், மனசு மோசமில்லை.

"இன்னா சார், ரூம்பே காலி பண்ணிகினு வந்துகிறீங்க? பேனா மூடி இன்னொண்ணு கெடைச்சுதா?"

நான் பட்டியலை நீட்டி வாயைத் திறந்தேன். 'இந்தப் பெண்ணை பிரஸ்ஸில் வைக்கக் கூடாது' என்று சொல்லியிருப்பேன். அவர் ஏன் என்று கேட்டிருப்பார். வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவள் என் கையிலிருந்த காகிதத்தை மெதுவாக இறக்கினாள்.

"ஒண்ணுமில்லண்ணே. எங்க சிஸ்டம் கோளாறு. உங்க லைன்ல ஒரு பிள்ளைக்கு பன்ச் விழல. இப்ப வந்து விரல் வைக்கலன்னா இன்னைக்குச் சம்பளம் போயிரும்."

"அத்த பிரேக்ல பாத்துக்கலாம். புது மாடல் ஓடிகினு கீது, டார்கெட்டு எவன் குடுப்பான்?"

"பிரேக் வரைக்கும் சிஸ்டம் நிக்காதுண்ணே. தப்பு எங்க மேலதான். நீங்க மேலே எழுதிக் குடுங்க, எங்க சார் கையெழுத்துப் போடுவாரு."

"எழுதாம வுடுவனா? கம்ப்யூட்டர் வந்தா வேலை கொறையும்னாங்க. கோளாறுதான் கூடிக்கினே போவுது" என்று அவர் கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார். பெண்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஏழாவது பிரஸ்ஸுக்குப் போனாள்.

மாரீஸ்வரியின் வலது கால் பெடலில் இருந்தது. இரண்டு விரல்களால் வயரைப் பிடித்து அச்சுக்குக் கீழே நீட்டியிருந்தாள். எங்கள் அறைப் பெண் அவள் தோளைத் தொடவில்லை, கூப்பிடவில்லை. அந்த ஒரு 'டக்' இறங்கி ஏறி, கை வெளியே வரும் வரை காத்திருந்தாள். பிறகுதான் பேசினாள்.

"ஏட்டி, எந்திச்சு வா. ஒன் பன்ச் விழலயாம்."

அந்த ஒரு நொடிக் காத்திருப்பை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். எண்ணவில்லை.

மருத்துவ அறையின் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு மாரீஸ்வரி அழவில்லை.

"ஏன்டி ஒக்காந்த? ஒனக்குத் தெரியும்ல?" என்றாள் எங்கள் அறைப் பெண்.

"தெரியும்க்கா. ஆனா லிஸ்டுல வந்துருச்சு. கம்ப்யூட்டரே போட்ருக்குன்னா டாக்டர் சரின்னு சொல்லிட்டாரு போலன்னு நெனச்சேன். கேட்டா எதுக்குன்னு கேப்பாகள்ல?"

தம்பி, தங்கைகளே, அந்த வாக்கியத்தை மட்டும் மறக்காதீர்கள். நாம் எழுதும் ஏழெட்டு வரிகளை டாக்டரின் வாக்காக எடுத்துக்கொண்டு ஒரு பெண் பிரஸ்ஸின் கீழே விரலை நீட்டுகிறாள். நாம் அவள் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மாரீஸ்வரியின் விரல் போகவில்லை, வலிப்பு வரவில்லை, ரகசியம் வெளியேறவில்லை. பாலாஜி பத்து நிமிடத்தில் எழுதுகிறேன் என்றான். நாற்பது நிமிடம் ஆயிற்று. அவனைக் குற்றம் சொல்லவில்லை, பதற்றத்தில் அப்படித்தான் ஆகும். முதலில் ஆளை எடுக்க வேண்டும், நிரலை அப்புறம் பார்க்கலாம் என்று எங்கள் அறைப் பெண் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போனாள், அவ்வளவுதான். அதைப் போய்ப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதி வைக்கிறேன்.

தாமோதரன் சொன்னபடி எழுதிக் கொடுத்தார். ஆலை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நர்ஸை வைத்துக்கொண்டு, யார் என்று சொல்லாமல், உள்ளதைச் சொன்னேன். அவர் அந்த ஆலைப் பழக்கப்படி ஐந்து 'ஏன்' கேட்டார். விதி ஏன் போயிற்று? கருவி எழுதும் கோப்பில் இருந்தது. ஏன் அங்கே எழுதினீர்கள்? வேறு கோப்பு இல்லை. ஏன் இல்லை? சிவப்புச் சீட்டு ஒட்டி எடுத்துவிட்டோம். ஏன்? காலியாக இருந்தது. ஏன் காலியாக இருந்தது?

"இன்னும் வரவில்லை சார், அதனால்" என்றேன்.

அன்று மாலைக்குள் அவள் நாற்பத்தொரு கோப்புகளையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். கருவி எழுதும் கோப்புகளை எல்லாம் தனி ஃபோல்டருக்கு மாற்றி அதற்கு 'தொடாதே' என்று பெயர் வைத்தாள். காலிக் கோப்பு ஒவ்வொன்றிலும் 'இங்கே எழுதவும்' என்று ஒரு வரி. பாலாஜி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். அன்று அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அந்த மாதக் கேடயம் எங்களுக்குத்தான் வந்தது, சீட்டு எண்ணிக்கைக்காக. பிரியாணியும் வந்தது. பாலாஜி தன் தட்டை ஸ்டோர்ஸ்காரர்களிடம் கொடுத்துவிட்டான். ஒருங்கிணைப்பாளர் வந்து, சீட்டு ஒட்டியவை எப்படித் திரும்பி வரலாம் என்று சண்டை போட்டார். அவள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். "பன்ச் விழாத டிபார்ட்மென்ட்" என்று தாமோதரன் எங்களை ஒரு வருடத்துக்குக் கூப்பிட்டார். மூவருமே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டோம்.

அதன் பிறகு இருந்த காலத்தை நினைத்தால்தான் எனக்கு என்னமோ செய்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. பத்தேகாலுக்கு டீ வரும். அவள் தன் பன்னில் பாதியை பாலாஜிக்குப் பிய்த்துக் கொடுப்பாள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஏதாவதொரு காலிக் கோப்பில் எழுத வேண்டி வரும். ஒவ்வொரு தடவையும் "வந்துட்டு சார்" என்பாள், ஊரிலிருந்து யாரோ பஸ் இறங்கி வந்த மாதிரி. நான் மீதியை எண்ணிச் சொல்வேன். மாரீஸ்வரி ஊருக்குப் போய்வந்தால் சாத்தூர் சேவு இரண்டு பொட்டலம் கொண்டுவருவாள். ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கும் பாலாஜிக்கும்.

2013இல் எங்கள் அறைப் பெண் கல்யாணமாகிப் போனாள். முதலில் கோயம்புத்தூர், பிறகு கடல் தாண்டி எங்கேயோ. பாலாஜியும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலை மாறிப் போனான். புது ஆட்கள் வந்தார்கள், நல்ல பிள்ளைகள். மேலதிகாரிகள் கண்ணில் படும் இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று மேல்மாடிக்குப் போய்விட்டார்கள். கீழே பலகை அறையில் நான் ஒருவன். அடுத்த பொங்கல் முடிந்து மாரீஸ்வரி வந்தாள். அவளுக்கும் கல்யாணமாகியிருந்தது, மாத்திரை விஷயத்தைச் சொல்லித்தான் கட்டிக்கொண்டாளாம். கையில் இரண்டு பொட்டலம்.

"பழக்கத்துல ரெண்டு வாங்கிட்டேன் சார்" என்றாள். ஒன்றை என்னிடம் கொடுத்தாள். மற்றதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அக்காவின் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

2015இல், நான் ஓய்வு பெறும் மாதத்தில், ஃபைவ் எஸ் குழு வந்தது. ஒருங்கிணைப்பாளர் புதியவர். அறையைச் சுற்றிப் பார்த்தார். நேராகப் போய் அந்த நாற்காலியின் முதுகில் சிவப்புச் சீட்டை ஒட்டினார்.

"ரெண்டு வருஷமா யாருமே யூஸ் பண்ணலையாமே சார்?"

நான் சீட்டைப் பிய்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு விதியை மீறியது அன்றுதான்.

"யார் சார் வரப் போறாங்க?" என்று கேட்டார்.

"வரும்" என்றேன்.

கடைசி நாளன்று அந்த நாற்பத்தொன்றில் இருபத்தெட்டு நிரம்பியிருந்தன. பதின்மூன்று காலி. தொலைபேசியில் கேட்டவரே, நீங்கள் பார்ப்பது அவற்றில் மிச்சம். அழிக்காதீர்கள். அந்த அறை இன்னும் இருந்து, அந்த நாற்காலியில் உங்களில் யாராவது உட்கார்ந்திருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: சக்கரம் ஐந்தில் ஒன்று மாட்டிக்கொள்ளும். அவசரமாக எழுந்து ஓட வேண்டியிருந்தால் இடது பக்கம் தள்ளி எழுந்திருங்கள்; அது தடுக்காது.